வயிற்றுப் புற்றுநோய் பரவியிருக்கிறதா? நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குன்னூரிலிருந்து என் சித்தியை அழைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியதில் கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் புற்றுநோய் பரவும்போது உடம்பின் மேற்பரப்பில் சில அடையாளங்களைக் காட்டும். அவற்றைப் பார்க்கக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். யாராவது துணியை விலக்கிப் பார்க்க வேண்டும், கை வைத்துத் தொட வேண்டும்.

நம் ஊரில் அதுதான் நடப்பதில்லை. குளிர் காரணமாக ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, கழுத்தில் மஃப்ளர், தலையில் குல்லா. நோய் வெளியே தலைகாட்டும் இடங்கள் எல்லாம் இந்த அடுக்குகளுக்குக் கீழேதான் இருக்கின்றன. எங்களைப் பார்த்த ஒரு மருத்துவமனையில் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாமலேயே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கழுத்தில் இருந்த நெறிக்கட்டியைப் பிறகு வேறொரு மருத்துவர்தான் கண்டுபிடித்தார். அந்த இடைவெளியில் போன காலம் உங்கள் வீட்டில் போகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டில் பாருங்கள்

வெயில் அடிக்கும் நேரத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். மூடுபனி நாளிலும் டியூப் லைட் வெளிச்சத்திலும் கண்ணின் மஞ்சள் நிறம் தெரியாது.

இடது காறை எலும்புக்கு மேலே உள்ள குழி: இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயிற்றிலிருந்து வரும் நிணநீர் மார்புக்குள் ஒரு பெரிய குழாய் வழியாக ஏறி, இடது பக்கம் கழுத்தடியில் இரத்தக் குழாயில் கலக்கிறது. அதனால் இரைப்பை, கணையம், கருப்பை சார்ந்த புற்றுநோய்கள் பரவும்போது அந்த இடத்தில் நெறி கட்டக்கூடும். நோயாளி தோளைத் தளர விட்டு உட்காரட்டும். நீங்கள் பின்னால் நின்றுகொண்டு, மூன்று விரல்களின் நுனியால் அந்தக் குழியை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வலது பக்கத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். மூச்சை இழுத்து அடக்கச் சொன்னால் உள்ளே பதுங்கியிருக்கும் கட்டி சற்று மேலே வரலாம். கடினமாக, நகராமல், வலியில்லாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டாணி அளவுதான் இருக்கிறது என்று விட்டுவிட வேண்டாம். வலி இல்லை என்பதும் ஆறுதலுக்குரிய செய்தி ஆகாது.

அதே நேரத்தில், கழுத்தில் நெறி கட்டினாலே புற்றுநோய் என்று முடிவு கட்டாதீர்கள். நம் நாட்டில் காசநோயாலும் கழுத்தில் நெறி கட்டும். அது மருந்தால் குணமாகும். நிணநீர்ச் சுரப்பிகளிலேயே தொடங்கும் லிம்போமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. எது என்று சொல்ல வேண்டியது பரிசோதனைக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லை.

தொப்புள்: படுக்க வைத்துப் பாருங்கள். தொப்புளில் அல்லது அதன் விளிம்பில் கடினமான முடிச்சு இருக்கிறதா? மேல்தோல் சிவந்தோ கருஞ்சிவப்பாகவோ மாறியிருக்கிறதா? நீரோ இரத்தமோ கசிகிறதா? குடலிறக்கம் என்றால் பெரும்பாலும் மிருதுவாக இருக்கும், இருமினால் புடைக்கும், படுத்தால் உள்ளே போகும். பரவிய நோயின் முடிச்சு கல் போல் அதே இடத்தில் நிற்கும். மஞ்சளும் விளக்கெண்ணெயும் சூடாக்கிப் போடுவது, கிள்ளுவது, அருகிலுள்ள சிறு கிளினிக்கில் 'கட்டி' என்று கீறிவிடுவது மூன்றும் வேண்டாம்.

வயிறு: தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் படங்கு என்ற தடித்த துணியைக் கட்டுவார்கள். வழக்கமாகக் கட்டும் கயிறு இப்போது எட்டவில்லை, ஆனால் கையும் காலும் மெலிந்துகொண்டே போகின்றன என்றால் அது சதை போட்டதால் வந்த வயிறு அல்ல. நீர் கோத்திருக்கலாம். பழைய மனிதர்கள் மகோதரம் என்பார்கள். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: எடை பார்க்கும் இயந்திரம். வயிற்றில் சேரும் நீரின் எடை, உடல் இழந்த எடையை மறைத்துவிடும். 'எடை குறையவில்லையே' என்று நிம்மதி அடையாமல், தினமும் காலையில் ஒரே நேரத்தில், சாப்பிடும் முன், தொப்புள் மட்டத்தில் இஞ்ச் டேப்பால் அளந்து தேதியுடன் குறித்துவையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் பயன்படும். கல்லீரல் நோய், இதய நோய், வயிற்றுக் காசநோய் ஆகியவற்றாலும் நீர் கோக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணும் கழிவும்: கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போய், மலம் வெளுத்து, உடம்பு அரித்தால் பித்தநீர் போகும் வழி அடைபட்டிருக்கலாம். காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்தியம் இருக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போனது. நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு, வலி இல்லாமல், உடல் மெலிவோடு காமாலை வந்தால், பத்தியத்துக்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். மலம் தார் போல் கறுத்துப் போனால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதனால் மாத்திரை விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கால்: ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் உள்ளே இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோய் இருப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். கூடவே மூச்சுத் திணறினால் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது.

இவற்றில் எதுவுமே தென்படவில்லை என்றால் நோய் பரவவில்லை என்று பொருள் கொள்ள முடியாது. இந்த அடையாளங்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வெளியே தெரியும். பசியின்மை, காரணமில்லாத மெலிவு, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, இரத்தசோகை ஆகியவற்றை 'கேஸ்', 'அல்சர்' என்று சொல்லி மருந்துக்கடை மாத்திரையில் மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வலியைத் தணித்துவிடும்; நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

2. மருத்துவர் முன் உட்காரும்போது

அன்று முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரை அணிவித்துக் கூட்டிச் செல்லுங்கள். தலை வழியே கழற்ற வேண்டிய உடை என்றால் வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நோயாளியே 'பரவாயில்லை, விடுங்கள்' என்று சொல்லிவிடுவார். உள்ளே போவதற்கு முன்பே மஃப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், கழுத்தில் இடது பக்கம் ஏதோ தட்டுப்படுகிறது. படுக்க வைத்து வயிற்றையும் தொப்புளையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்." இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல மருத்துவர் படுக்க வைத்து, விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் கடினமாக, மேடுபள்ளமாகத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார். வயிற்றைத் தட்டி, ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மீண்டும் தட்டுவார். நீர் இருந்தால் அந்தச் சத்தம் இடம் மாறும். அக்குளையும் தொட்டுப் பார்ப்பார்.

ஆசனவாய் வழியாக விரல் விட்டுப் பார்க்கும் சோதனையும் தேவைப்படலாம். நம் வீட்டுப் பெரியவர்கள், முக்கியமாகப் பெண்கள், இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வயிற்றுக்குள் உதிரும் புற்றணுக்கள் தாழ்வான இடத்தில்தான் போய்த் தங்கும். இடுப்புக்குழியின் அடியில் அவை ஒரு தட்டு போலக் கெட்டிப்படுவது அந்த விரல் சோதனையில் தெரியக்கூடும். முதல் நாளே வீட்டில் தனியாகச் சொல்லித் தயார்ப்படுத்துங்கள். பெண் மருத்துவரைக் கேட்கலாம்; செவிலியரை உடன் நிற்கச் சொல்லலாம்.

அறிக்கையில் சில பெயர்கள் வரும். பயந்துவிடாமல் இருக்க அர்த்தம் தெரிந்துகொள்ளுங்கள். விர்க்கோ கணு என்றால் இடது காறை எலும்புக் குழியின் நெறிக்கட்டி. சிஸ்டர் மேரி ஜோசப் முடிச்சு என்றால் தொப்புளில் உள்ளது. ஐரிஷ் கணு இடது அக்குளில். புளூமர் தட்டு என்பது மேலே சொன்ன ஆசனவாய்ச் சோதனையில் தெரிவது. குருக்கென்பர்க் கட்டி என்றால் இரைப்பை போன்ற வேறு இடத்திலிருந்து சினைப்பைக்குப் பரவியது. அசைட்டிஸ் என்றால் வயிற்று நீர்.

3. சோதனைகளை எந்த வரிசையில் செய்வது

நேரமும் பணமும் அதிகம் வீணாவது இங்கேதான். கையில் தட்டுப்படும் கட்டி இருந்தால் அதிலிருந்தே திசு மாதிரி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். கழுத்துக் கட்டியிலோ தொப்புள் முடிச்சிலோ மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. சோதனை, வயிற்றுக்குள் ஆழத்தில் ஊசி விடுவதைவிட எளிது, செலவும் குறைவு. முடிவு சில நாட்களில் வந்துவிடும். முழுத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸிக்கு ஒரு வாரம் போல ஆகும். அதன் மேல் சிறப்புச் சாயச் சோதனை கேட்டால் இன்னும் நாளாகும்.

வயிற்று நீரை எடுத்தால், அதைப் புற்றணுச் சோதனைக்கும், புரதம், அல்புமின் அளவுக்கும், காசநோயைப் பிரித்தறிய ஏ.டி.ஏ. சோதனைக்கும் சேர்த்தே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஊசி குத்த வைக்காதீர்கள். மலையில் எடுத்து சமவெளியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பும் இடமாக இருந்தால், வாகனம் எப்போது கிளம்புகிறது என்று விசாரித்துக் காலையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். நேரமானால் அணுக்கள் கெட்டுவிடும்.

அடுத்தது கான்ட்ராஸ்ட் சி.டி. ஸ்கேன், அதாவது படம் தெளிவாகத் தெரிய ஊசி வழியாக மருந்து செலுத்தி எடுப்பது. அதற்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கிரியேட்டினின் சோதனை வேண்டும். அதை மலையிலேயே முடித்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கோவையில் அதற்காகவே பாதி நாள் காத்திருக்க நேரிடும். நோயாளி சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். இரைப்பை சந்தேகம் என்றால் எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்ப்பது. பெட் ஸ்கேன் எல்லோருக்கும் முதல் நாளே தேவைப்படாது. செலவு அதிகமான அந்தச் சோதனையை யாராவது எடுத்த எடுப்பில் எழுதிக் கொடுத்தால், அதன் முடிவால் சிகிச்சை எப்படி மாறும் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பரவல் உண்டா இல்லையா என்பதுதான் பெரிய அறுவை சிகிச்சை பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கிறது. இரைப்பைப் புற்று கழுத்து வரை போயிருக்கும்போது இரைப்பையை அறுத்து எடுப்பதால் நோய் குணமாகாது. பலவீனமான உடம்பு அந்த அறுவையிலிருந்து மீளவே மாதங்கள் ஆகும். குடல் அடைப்பு, இரத்தப்போக்கு போன்ற அவசரம் இல்லாதபோது, கழுத்தையும் தொப்புளையும் தொட்டுப் பார்த்து, சி.டி. பார்த்து, தேவையானால் லேப்ராஸ்கோபி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டு, உள்ளே எட்டிப் பார்த்து முடிவு சொல்லும் வரை அறுவைக்கு நாள் குறிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். சினைப்பைப் புற்று போன்றவற்றில் கணக்கு வேறு. வயிற்றுக்குள் பரவியிருந்தாலும் அறுவையும் கீமோதெரபியும் சேர்ந்து பலன் தரும். ஆகவே 'பரவிவிட்டது' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட வேண்டாம். எங்கிருந்து பரவியது என்று கேளுங்கள்.

4. காகிதங்கள்

சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில் காகித வேலையை முடித்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு தொடங்கினால் சிகிச்சை அதற்காக நிற்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் சேரலாம். ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வேண்டியவை: குடும்ப அட்டை, நோயாளியின் ஆதார், வருமானச் சான்று. சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க 60 ரூபாய். விண்ணப்பித்துவிட்டு வீட்டில் உட்காராமல், கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து நோயின் அவசரத்தைச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிய சீட்டின் நகல் கையில் இருந்தால் வேலை விரைவாக நடக்கும். பிறகு உதகையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு. பந்தலூர், கூடலூர்க்காரர்களுக்கு இது ஒரு முழு நாள் வேலை. எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

குடும்ப அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து என்பது நம் பகுதியில் மிகச் சாதாரணம். தோட்டப் பதிவேட்டில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று என்று மாறிப்போயிருக்கும். காப்பீட்டு ஒப்புதல் அங்கேதான் சிக்கும். இன்றே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் திருத்த விண்ணப்பம் கொடுங்கள்.

தோட்டத் தொழிலாளர்கள் தோட்ட மருத்துவமனையிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நோய்க்கால விடுப்புக்கும் அந்த விடுப்புக்கான பணத்துக்கும் அந்தக் கடிதம் வேண்டியிருக்கும்.

கூடலூர்ப் பகுதியிலிருந்து கேரளத்தில் உள்ள கோழிக்கோடு, சுல்தான் பத்தேரி பக்கம் போவது வழக்கம். போவதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், அந்த மருத்துவமனையில் நம் காப்பீடு செல்லுமா என்று கேட்டுவிடுங்கள். அட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில் போய்ச் சேர்ந்து, முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டிய குடும்பங்கள் உண்டு.

ஒரு பையில் இவை எப்போதும் இருக்கட்டும்: எல்லா அறிக்கைகளும் தேதி வரிசையில், சி.டி. படங்களும் குறுந்தகடும், மாத்திரைப் பட்டியல், வயிற்றளவுத் தாள். பயாப்ஸி செய்த இடத்தில் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால் மீண்டும் ஊசி குத்தாமல் அவற்றையே வைத்துப் பார்த்துவிட முடியும். அவை உங்களுக்குச் சேர வேண்டியவை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

5. மலையிறங்கும் நாள்

உதகையிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். அதில் கொண்டை ஊசி வளைவுகள்தான் நோயாளியைப் படுத்தி எடுக்கும். வாந்தி வரும் நோயாளி என்றால் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன் என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். வயிற்றில் நீர் நிறைந்திருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாமல் திணறுவார். பஸ்ஸைவிட, சாய்ந்து உட்கார இடமுள்ள கார் நல்லது. பயணத்துக்கு முன் உள்ளூர் மருத்துவமனையிலேயே கொஞ்சம் நீரை எடுத்துவிட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எண்டோஸ்கோபி, ஸ்கேன் நாட்களில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். விடியற்காலையில் கிளம்பி நண்பகலில் முறை வந்தால் சர்க்கரை நோயாளி மயங்கிவிடுவார். முடிந்தால் முந்திய இரவே இறங்கி மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ தங்குங்கள். கோடை சீசனில் ஒருவழிப் பாதை போடும்போது உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்புவார்கள். மழைக்காலத்தில் குன்னூர்ச் சாலையில் மண் சரியும். இரண்டுக்கும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற தொலைதூர மருத்துவமனைக்குப் போகிறவர்கள், மருத்துவமனையில் சான்றிதழ் வாங்கி ரயில் கட்டணச் சலுகை பெறலாம். ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகை. உடன் செல்லும் ஒருவருக்கு 75 சதவீதம்.

6. பரவியது உறுதியான பிறகு

நோயாளியிடம் மறைப்பதா சொல்வதா என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு எழும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அவர் கேட்டால் சொல்லுங்கள். சித்தி தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்து அறிந்திருந்தார். நாங்கள் மறைத்த நாட்களில் அவர் தனியாக அதைச் சுமந்தார்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. இந்தக் கீமோதெரபியின் நோக்கம் குணமாக்குவதா, நோயைக் கட்டுப்படுத்துவதா, வேதனையைக் குறைப்பதா? எத்தனை சுற்றுக்குப் பிறகு மறுபடி ஸ்கேன்? ஊருக்குத் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது? கீமோ நடக்கும் காலத்தில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. மலையில் குளிர் நடுக்கம் என்று கம்பளியைப் போர்த்திப் படுக்க வைத்துவிடுவார்கள். முதலில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.

வாந்தி நிற்காமல், மலமும் வாயுவும் போகாமல், வயிறு உப்பினால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். இஞ்சிக் கஷாயம் கொடுத்துப் பார்க்கும் நேரம் அது இல்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வலிக்கு மார்ஃபின் என்றதும் 'பழக்கமாகிவிடும்' என்று குடும்பத்தார் தடுக்கிறார்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை, வேதனையில் கிடப்பவரை உட்கார்ந்து சாப்பிட வைக்கும். மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் அதே சீட்டில் கேட்டு வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணக் கவனிப்புத் தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். விவரம் தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். வண்டி போகாத ஹட்டியிலோ (மலைக் கிராமம்) தோட்ட லயத்திலோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீடு இருந்தால், சாலை எதுவரை வரும், அங்கிருந்து எத்தனை படி இறங்க வேண்டும் என்று பதியும்போதே சொல்லிவையுங்கள். இரவில் 108 வர நேர்ந்தாலும் அதே விவரத்தைத்தான் கேட்பார்கள். ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடுங்கள், வீட்டில் பிள்ளைகள் மட்டும் இருந்தாலும் படித்துச் சொல்வார்கள்.